சைக்கிள் செயின் நிஜமாகவே நீளுமா?

புதுச்சேரி குருசுக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "தினமும் கடற்கரைச் சாலை வழியாகத்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். செயின் தொய்ந்து கழன்று விழுகிறது. கடையில் இரண்டு தடவை இழுத்து வைத்துக் கொடுத்தார்கள், அப்படியும் எழுந்து நின்று மிதித்தால் டக்கென்று தாவுகிறது. இரும்புச் செயின் எப்படிங்க நீளும்?"

இரும்பு நீளவில்லை, தேய்ந்திருக்கிறது. செயினில் நூறு கண்ணியாவது இருக்கும், ஒவ்வொரு கண்ணியையும் கோர்க்கிற பின் என்கிற குட்டி ஆணி உள்ளே உரசி உரசி 0.1 மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே நூறுக்கும் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும், தொய்வு என்று நீங்கள் பார்ப்பது அதைத்தான். பழைய செயினில் ஒரு பின்னைத் தட்டி எடுத்து நகத்தால் வருடிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் பள்ளம் தட்டுப்படும்.

உங்கள் வழியில் உப்புக்காற்றும் பொடிமணலும் வேறு. செயின் சொதசொதவென்று எண்ணெயில் ஊறியிருந்தால் மணல் அதில் ஒட்டி உள்ளே போய் அரத்தால் ராவுவது மாதிரி ராவும்.

ஒரு இரும்பு ஸ்கேல் போதும். செயினை விறைப்பாகப் பிடித்து ஒரு பின்னின் நடுவில் சுழியை வையுங்கள். புதுச் செயினில் 12 இஞ்ச் கோடு சரியாக இன்னொரு பின்னின் நடுவில் விழும். அந்தப் பின் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள், மூன்று மில்லிமீட்டர் என்றால் பின்சக்கரத்தில் செயின் மாட்டியிருக்கிற பல்சக்கரமான ஃப்ரீவீலும் போயிருக்கும். உங்களுக்குத் தாவுகிறது என்பதால் இரண்டும் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஃப்ரீவீலின் பல்லைப் பாருங்கள், அரிவாள் மூக்கு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அதன் மேல் புதுச் செயினை மட்டும் போட்டால் இன்னும் மோசமாகத் தாவும். இழுத்து வைப்பது தப்பில்லை, அளந்து பார்க்காமல் இழுத்து வைத்ததால்தான் செயினோடு ஃப்ரீவீலுக்கும் செலவு வந்திருக்கிறது.

சரி, புதுசு போட்ட பிறகு? வாரம் ஒரு தடவை காய்ந்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றித் துடையுங்கள். அப்புறம் கண்ணிக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், பத்து நிமிஷம் கழித்து மேலே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும். ஐப்பசி கார்த்திகையில் நனைந்து வருகிற அன்று மட்டும் வாரக்கணக்குப் பார்க்காதீர்கள், வீட்டுக்குள் போவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள், விட்டால் காலையில் துருப் பூத்திருக்கும்.