காசநோய் மாத்திரையும் மங்கும் சிவப்பும்

வணக்கம். 3 மாதமாகக் காசநோய் மருந்து உண்ணும் உங்கள் அம்மாவுக்கு வற்றல் மிளகாயின் சிவப்பு வெளிறித் தெரிவதாகவும், செய்தித்தாள் எழுத்து மங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதை வயதின் குறை என்று தள்ளிவிடாதீர்கள். கூட்டு மாத்திரையில் உள்ள எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். சிவப்பு, பச்சை நிறங்கள் மங்குவது அதன் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. எத்தாம்பியூட்டால் பெருமளவு சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். எத்தாம்பியூட்டாலை மட்டும் விலக்கி மற்றவற்றைத் தொடரும் வழியை அவரே தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகக்கூடும். கண் மருத்துவரிடம் நிறப் பார்வையை ஒவ்வொரு கண்ணாகச் சோதிக்கச் சொல்லுங்கள். எத்தாம்பியூட்டாலை விரைந்து நிறுத்தினால் பார்வை பலருக்கு மீள்கிறது, ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம்.