ஒழுகும் கூரை, ஷாக் அடிக்கும் கீசர்: செலவு யாருடையது?

வாடகை வீட்டுப் பழுதுகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த வாரம் பதில். தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமை, பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. எந்த வேலை யாருடையது என்ற பட்டியல் அதன் இரண்டாம் அட்டவணையில் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் பழுதுச் செலவு பற்றி ஏதாவது எழுதியிருந்தால் பதில் மாறலாம். அதனால் முதலில் அதை எடுத்துப் படியுங்கள்.

மேல்மாடி வீடு. மழை பெய்தால் படுக்கையறை ஒழுகுகிறது. இப்போது சிமெண்ட் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. "பார்த்துத்தானே வந்தீங்க" என்கிறார் ஓனர். என்ன செய்வது?

முதலில் கட்டிலை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். கம்பி தெரிகிறது என்றால் அது துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். பெரிய துண்டாகவே விழலாம். மேலே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து மறைப்பதால் எதுவும் சரியாகாது. மொட்டை மாடித் தளத்தில் நீர் இறங்கும் இடத்தை அடைத்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

கட்டடத்தின் கட்டமைப்பு சார்ந்த பழுது ஓனரின் பொறுப்பு. நீங்கள் சேதப்படுத்தியிருந்தால்தான் அது உங்கள் தலையில் விழும். நீங்கள் பார்த்துவிட்டுக் குடிவந்ததால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது. தேதியுடன் படம் எடுத்து, என்ன பழுது, எப்போதிலிருந்து என்று எழுதி அனுப்புங்கள். போனில் பத்து முறை சொன்னதை நிரூபிக்க முடியாது. ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது கையில் இருக்கட்டும், பதிவுத் தபால் இன்னும் நல்லது.

எழுதிக் கேட்டும் மறுத்தால், நீங்களே வேலையை முடித்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எந்த ஒரு மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது பாக்கிதாரர் என்ற பெயர் எதற்கு?

குழாய் சொட்டுகிறது, ஃப்ளஷ் டேங்க் நிற்காமல் ஓடுகிறது. ஓனரிடம் கேட்கலாமா?

இவை உங்கள் செலவு. குழாய், வாஷர், கழிப்பறை, வாஷ்பேசின், சுவிட்ச், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பட்டியலில்தான் வருகின்றன. சுவருக்குள் போகும் பைப்பையே மாற்ற வேண்டியிருந்தால் அது ஓனருடையது.

கீசரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. ஓனரும் நானும் மாறி மாறிக் கை காட்டிக்கொண்டிருக்கிறோம்.

கீசரை இன்றே அணையுங்கள், செலவு யாருடையது என்பதை அப்புறம் பேசலாம். தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் எர்த் இணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழுது கீசரில் என்றால் சரிசெய்வது உங்கள் வேலை. வயரிங்கிலோ எர்த்திலோ என்றால் ஓனருடையது. கசிவு மின்சாரம் கண்டால் தானே துண்டிக்கும் கருவி மெயின் போர்டில் இல்லையென்றால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். இது சரியா?

ஊரெல்லாம் நடப்பதால் சரி என்று பலர் நினைத்துவிட்டார்கள். அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பதும் ஓனரின் பொறுப்பு. இருந்து பழகிய வீட்டில் சுவர் மங்குவது இயல்பான தேய்மானம், அதற்கு நீங்கள் ஈடு கட்ட வேண்டியதில்லை. பிள்ளைகள் கிறுக்கியது, டிரில் போட்டுப் பெயர்த்தது போன்றவற்றைக் கழிப்பது நியாயம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் "ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்கு" என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் வாதாடுவது கடினம். அடுத்த வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடுங்கள். உங்கள் பக்கம் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

நான் வீட்டு ஓனர். கீழ் வீட்டுக்குக் கசிகிறது, பார்க்கப் போனால் குடியிருப்பவர் உள்ளே விடுவதில்லை. மோட்டாரை நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வாடகை ஆணையத்திடம் அவர் போனால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்படி உங்களுக்கு இடைக்கால உத்தரவு வரலாம். பழுது பார்க்க உள்ளே போக உங்களுக்கு உரிமை இருக்கிறது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே, எதற்காக, எப்போது வருகிறீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். வீட்டில் பெண்கள் தனியாக இருக்கிறார்கள் என்பதால்கூட அவர் தயங்கலாம். எல்லோரும் இருக்கும் நேரத்தைக் கேட்டு ப்ளம்பரை அழைத்துப் போங்கள். கசிவு பைப்பில் என்றால் செலவு உங்களுடையது, அவர் அடைத்துவைத்த வடிகாலால் என்றால் அவருடையது.