எவ்வளவு ஈரம் வேண்டும்?

கேள்வி: 'நாடு' ரக நெல்லுக்கு அரசாங்கம் 2025இல் அறிவித்த உத்தரவாத விலை கிலோ 120 ரூபாய். வயலுக்கு வரும் வியாபாரி 105க்குக் கேட்கிறார். அரசாங்கத்துக்குக் கொஞ்சமாவது ஈரம் இருந்தால் தனியாரைத் தடைசெய்துவிட்டு முழு நெல்லையும் தானே வாங்கக்கூடாதா?
– ஒரு வாசகர், வவுணதீவு, மட்டக்களப்பு

பதில்: ஈரத்தை எங்கே போய்க் கேட்கிறீர்கள்! 14 வீதத்துக்கு மேல் ஈரமென்றால், அரசாங்கத்துக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபை அந்த 120ஐத் தராது.

வெட்டு மெஷினிலிருந்து கொட்டும் நெல்லில் 22 வீத ஈரம் என்று வைப்போம். 100 கிலோவை 14க்குக் காயவைத்தால் மிஞ்சுவது 90.7 கிலோ. 120 ரூபாய்ப்படி 10,884. பச்சையாக 105க்குக் கொடுத்தால் 10,500. இடையில் நிற்பது வெறும் 384 ரூபாய். அதற்குள் படங்கு, ஆள்கூலி, உழவு மெஷின் வாடகை, சபை வாசலில் காத்துக்கிடக்கும் நாள் எல்லாம் அடங்க வேண்டும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தடிப்பாகப் பரப்பினால் அடிநெல் காயாது. அரை மணிக்கொரு தரம் கிளற வேண்டும். தார் றோட்டில் உச்சி வெயிலில் அவசரப்பட்டால் மணி வெடித்து, ஆலையில் குறுணலாகும். பெரும்போக அறுவடையில் மழையும் எட்டிப்பார்க்கும். ஆகவே 105க்கு விற்றவர் ஏமாளி அல்ல, கணக்குத் தெரிந்தவர்.

ஏமாற்று நடப்பது வேறு இடத்தில். தராசுக்கு அரசாங்க முத்திரை வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. ஆனால் ஈரத்தை அளப்பது வியாபாரியின் கடைவாய்ப் பல். ஒரு மணியை எடுத்துக் கடிப்பார், 'பச்சை' என்பார், மூடைக்கு 2 கிலோ கழிப்பார். 105 ரூபாய்ப்படி மூடைக்கு 210 ரூபாய் அந்தப் பல்லிடுக்கில் போயிற்று. அந்தப் பல்லுக்கு வருடா வருடம் யார் முத்திரை குத்துவது? பல் செட் கட்டியவர் இரண்டு முத்திரை எடுக்க வேண்டுமா? அரசாங்கம் தலையிடத்தான் வேண்டுமென்றால் இங்கே தலையிடட்டும்: வட்டைக்கு (வயல்வெளிக்கு) ஓர் ஈரமானி, ஒரு காயவைக்கும் தளம். விலையை வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொள்வார்கள்.

தனியாரைத் தடைசெய்வதையும் 70களில் பார்த்தாயிற்று. 1971இல் சபை பிறந்தது. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை, வழியெல்லாம் பை சோதனை. அரிசி ஒளித்துக் கடத்தும் பொருளானதுதான் மிச்சம்.

விலைக்குப் பூட்டுப் போடுவதையும் பார்த்தாயிற்று. 2024 டிசம்பரில் 'நாடு' அரிசிக்குக் கிலோ 230 ரூபாய் என்று உச்சவிலை போட்டார்கள். நெல் 120 என்றால், 100 கிலோவுக்கு 65 கிலோ அரிசி தேறினாலும் நெல்லுக்கே கிலோவுக்கு 185 ரூபாய் போகிறது. அவிப்பு, குத்துக்கூலி, லொறி, கடைக்காரர் எல்லாருக்குமாக 45. நெல் விலை இன்னும் பத்து ஏறினால் ஆலைக்காரர் அரிசியை வெளியே விடுவாரா?

இறக்குமதியும் இதே கதைதான். 2024 முடிவில் கிலோவுக்கு 65 ரூபாய் வரி, அதற்கு மேல் அனுமதிப்பத்திரமும் வேண்டியிருந்தது. அந்தக் கதவைக் கொஞ்ச நாள் திறந்துவிட்டு மறுபடி பூட்டினார்கள். கதவு எப்போது பூட்டுமென்று தெரியாதவர் நிதானித்துக் கொள்வனவு செய்யமாட்டார். பிந்திய கப்பலோ நம் அறுவடை நேரத்தில் வந்து நிற்கும். வரி எவ்வளவாயினும் போடுங்கள், போகத்துக்கு முன்பே சொல்லிவிட்டுப் போடுங்கள், அனுமதிப்பத்திரத்தைக் கிழியுங்கள்.