பழைய ஜாக்கெட் ஏறவில்லையா? நாலாயிரம் ரூபாய் போதும்

கேள்வி: எனக்கு 38 வயது. காட்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் 13 கிலோ எடை கூடிவிட்டது. பீரோவில் இருபதுக்கு மேல் சேலைகள் இருக்கின்றன. ஏறுகிற ஜாக்கெட் மூன்றுதான். உடம்பு குறைந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று மற்றவற்றை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். தொளதொளவென்று இரண்டு சுடிதார்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்வருகிறேன். ஆவணியில் நாத்தனார் மகளுக்குத் திருமணம். 4,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க வழியில்லை. இதற்குள் பார்க்க லட்சணமாக உடுத்த முடியுமா?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: முடியும். இருபது சேலைகள் இருக்கும்போது உங்கள் வேலையில் பெரும்பாதி முடிந்துவிட்டது என்றே சொல்வேன். சேலைக்கு அளவு கிடையாது. 55 கிலோவில் கட்டிய அதே ஐந்தரை மீட்டரைத்தான் 68 கிலோவிலும் கட்டப்போகிறீர்கள். உங்களுக்குச் சிறுத்துப்போனவை ஜாக்கெட்டும் உள்பாவாடையும் உள்ளாடையும் மட்டும்தான். அதனால் அந்த 4,000 ரூபாயில் ஒரு ரூபாயைக்கூடப் புதுச்சேலையில் போடாதீர்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் வேலூர் லாங்கு பஜார் பக்கம் போனால் மனது இழுக்கும். இந்த ஒரு முறை இழுக்கட்டும், விட்டுவிடுங்கள். பணம் முழுவதும் தையலுக்குப் போகட்டும்.

சத்துவாச்சாரியில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தைக்கிறேன். "உடம்பு குறைந்ததும் போட்டுக்கொள்கிறேன்" என்ற வாக்கியத்தை வாரம் ஒருவராவது என் கடையில் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனது வலிக்கிறது. குறையட்டும், நல்லதுதான். ஆனால் அதுவரை நீங்கள் தினமும் வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கிறீர்களே, அந்த நாட்கள் கணக்கில் இல்லையா? இப்போது ஜாக்கெட்டின் தையலைப் பிரித்துத் தளர்த்திக்கொள்ளுங்கள்; பிறகு அதை மறுபடி பிடித்துக்கொள்ள பத்து நிமிடம் போதும். உடம்பு குறைந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

துணிக்கு வெளியே ஒரே ஒரு வார்த்தை. சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லாமலே இந்த எடை கூடியிருந்தால், தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையை ஒரு முறை செய்துகொள்ளுங்கள். சிகிச்சைக்காக நாடெங்கிலுமிருந்து மக்கள் வந்திறங்கும் ஊர் இது. பக்கத்திலேயே இருந்துகொண்டு நாம் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி தையல். முதல் வேலை அளவெடுப்பது. பழைய ஜாக்கெட்டை 'அளவு ஜாக்கெட்' என்று கொடுத்து, "இதைவிட இரண்டங்குலம் கூட்டித் தையுங்கள்" என்று சொல்வதுதான் எல்லாருடைய வழக்கமும். அதைச் செய்யாதீர்கள். எடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. ஒருவருக்கு மேல்கையில் ஏறும், தோள் அப்படியே இருக்கும். இன்னொருவருக்கு மார்புக்குக் கீழே முதுகுப்பக்கம் சதை வைக்கும். மொத்தமாகக் கூட்டித் தைத்தால் தோள் இறங்கி, கழுத்து அகன்று, கை மட்டும் முன்போலவே இறுக்கும். மார்பு, மார்புக்குக் கீழ், இடுப்பு, மேல்கை, கையேறும் இடத்தின் சுற்று, தோள் அகலம் ஆகிய ஆறையும் உடம்பில் வைத்தே அளக்கச் சொல்லுங்கள். மூச்சை உள்ளே இழுத்துப் பிடிக்காதீர்கள். டேப்புக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

அளவெடுக்கப் போகும் முன்பே நல்ல பிரா வாங்கிவிட வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, மற்றதை மட்டும் பேசிவிட்டு அனுப்பும் தையற்காரர்கள் பலர். பழைய, எலாஸ்டிக் தளர்ந்த பிராவோடு எடுத்த அளவில் எத்தனை விலைக்குத் தைத்தாலும் ஜாக்கெட் சரியாக நிற்காது. எடை கூடியதும் 36-இலிருந்து 38, பிறகு 40 என்று எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறோம். அந்த எண் முதுகைச் சுற்றும் பட்டியின் அளவு. மார்பின் நிறைவுக்கு எழுத்துத்தான் கணக்கு. மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மார்பின் நிறைந்த இடத்தில் ஒரு சுற்று அளந்து பாருங்கள். வித்தியாசம் ஓரங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி. கீழ்ச்சுற்று 36, மேல்சுற்று 40 என்றால் உங்களுக்கு வேண்டியது 36 டி. கம்பெனிக்குக் கம்பெனி சிறிது மாறும் என்பதால், முடிந்தால் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். பின்பட்டி முதுகில் மேலே ஏறினால் அது உங்களுக்குப் பெரிது. முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருந்தால் சரி.

அடுத்து, மூட்டையைப் பிரியுங்கள். ஒவ்வொரு ஜாக்கெட்டையும் உட்புறம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள்? கைதேர்ந்த தையற்காரர் ஓரங்குலமாவது விட்டிருப்பார். இங்கே ஒரு கணக்கு உண்டு; பலர் இதைக் கவனிப்பதில்லை. பக்கத் தையல் இரண்டு, ஒவ்வொன்றிலும் முன்துணி, பின்துணி என இரண்டு அடுக்கு. ஆக நான்கு ஓரங்கள். ஓரத்துக்கு அரை அங்குலம் விட்டாலே சுற்றளவில் இரண்டங்குலம் கிடைத்துவிடும். முக்கால் அங்குலம் விட்டால் மூன்று. மேல்கைத் தையலையும் அதே கோட்டில் தொடர்ந்து பிரித்துவிடச் சொல்லுங்கள். பக்கத்தை மட்டும் பிரித்துக் கையை விட்டுவிட்டால் அக்குளில் சுருக்கம் விழும். லைனிங் வைத்த ஜாக்கெட் என்றால் லைனிங்கையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும், கூலி கொஞ்சம் கூடும். பட்டில் பழைய தையலின் ஊசித்தடம் மறையாது. அக்குளுக்கு நேர்கீழே இருப்பதால் கை இறங்கியிருக்கும்போது அது யார் கண்ணிலும் படாது, கவலை வேண்டாம்.

உள்ளே துணியே விடாமல் ஒட்ட வெட்டித் தைத்தவையும் இருக்கும். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். அக்குளிலிருந்து இடுப்புவரை தைத்து முடித்தபின் இரண்டங்குலம் இருக்கும்படி ஒரு பட்டையை இருபுறமும் சேர்த்தால் மொத்தம் நான்கங்குலம் கிடைக்கும். அதே பட்டை மேல்கைக்குள்ளும் நீள வேண்டும். பட்டைக்குத் துணி வேண்டும் என்று சேலையின் உள்முனையில் வெட்டக் கேட்பார்கள். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அந்த நீளம் இனி உங்களுக்குத் தேவை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். நிறம் பொருந்துகிற துணி கால் மீட்டர் வாங்கினால் இரண்டு மூன்று ஜாக்கெட்டுக்கு வரும்.

புதிதாக இரண்டே இரண்டு ஜாக்கெட் தைத்துக்கொள்ளுங்கள். பட்டுச் சேலைகளுக்கு ஒரு பொன்னிற ஜாக்கெட், பருத்திச் சேலைகளுக்குக் கறுப்பிலோ அரக்கிலோ ஒன்று. இரண்டும் உங்கள் பீரோவில் பன்னிரண்டு சேலைகளுக்காவது ஒத்துப்போகும். சேலையோடு வரும் 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் துணி இப்போது உங்களுக்குப் போதாமல் போகலாம், ஒரு மீட்டராக வாங்குங்கள். கிராஸ் கட்டில் வெட்டச் சொல்லுங்கள். துணி குறுக்கு வாக்கில் நின்றால் சிறிது இழுத்துக் கொடுக்கும், உடம்போடு படியும். கை, முழங்கைக்குச் சற்று மேலே முடியட்டும். மேல்கையின் மிகப் பருத்த இடத்தில் கை முடிந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். நீளம் முன்பைவிட ஓரங்குலம் கூடுதலாக இருந்தால் ஜாக்கெட்டுக்குக் கீழே சதை பிதுங்காது. பின்கழுத்தை மிகவும் இறக்க வேண்டாம், முன்கழுத்தை ஓரளவு தாராளமாக வையுங்கள். உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல்ல மறக்காதீர்கள்.

உள்பாவாடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நாடா கோத்து இழுத்துக் கட்டும் பாவாடையில் இடுப்பைச் சுற்றிச் சுருக்கம் சேர்கிறது. அதன்மேல் கொசுவம் வந்தால் வயிறு இன்னும் இரண்டங்குலம் முன்னே தெரியும். ஆறு பாளமாக, அதாவது ஆறு நீளத் துண்டுகளாக வெட்டி, முன்பக்கம் சுருக்கமே இல்லாமல் தைத்த பாவாடை போட்டுப் பாருங்கள், அதே சேலை வேறு மாதிரி விழும். நாடாவுக்குப் பதில் இரண்டங்குல அகலப் பட்டி வைத்து, பக்கத்தில் கொக்கி போடச் சொல்லுங்கள். இது அழகுக்காக மட்டும் சொல்வதில்லை. மெல்லிய நாடாவை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக இறுக்கிக் கட்டினால் இடுப்பில் கறுத்துத் தடித்துப் புண்ணாகிறது. அப்படி ஆறாமலே இருந்த புண் புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 2024-ஆம் ஆண்டு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். எடை கூடியபின் நாடா மேலும் அழுத்தும். உங்கள் இடுப்பில் அந்தத் தடம் இருந்தால் இன்றைக்கே தளர்த்துங்கள். ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சேலை நீளத்துக்கு வருகிறேன். கட்டும்போது சேலை இடுப்பை ஏறக்குறைய இரண்டு முறை சுற்றுகிறது. சுற்றளவு ஐந்தங்குலம் கூடியிருந்தால் பத்தங்குலம் அதிலேயே போய்விடும். முன்போல ஏழு கொசுவம் வைத்தால் முந்தானை குட்டையாகி, முதுகில் பாதியிலேயே நின்றுவிடும். ஐந்தங்குல அகலத்தில் ஒரு கொசுவம் எடுக்கப் பத்தங்குலத் துணி வேண்டும். ஆகவே ஒரே ஒரு கொசுவத்தைக் குறைத்தால் முந்தானை பழைய நீளத்துக்கு வந்துவிடும். ஆறு கொசுவத்தையும் ஒட்டி அடுக்கி, இடுப்பின் நடுவில் செருகாமல் இடதுபக்கம் சற்றே தள்ளிச் செருகுங்கள்.

பருத்திச் சேலைக்குக் கஞ்சியைப் பாதியாகக் குறையுங்கள். மொடமொடப்பான சேலை ஒல்லியான உடம்புக்கு எடுப்பு. உங்களுக்கும் எனக்கும் அது உடம்பை விட்டுத் தள்ளி நின்று பெரிதாகக் காட்டும். வழவழப்பான பாலியஸ்டர் அதற்கு நேர்மாறு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் வேலூர் வெயிலில் வியர்வையோடு ஒட்டிக்கொண்டு, இல்லாத மடிப்பையெல்லாம் காட்டும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்திதான் பள்ளிக்கு ஏற்றது, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

கறுப்புக்குள் ஒளிய வேண்டாம். குறுக்குக் கோடு குண்டாகக் காட்டும் என்று சொல்லி எத்தனை நல்ல சேலைகளை ஒதுக்கியிருக்கிறோம்! கோடு போட்ட சதுரங்களை வைத்து ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு மாறாகக் காட்டினார். 2011-இல் இங்கிலாந்தில் பெண் உருவப் படங்களை வைத்துச் செய்த ஆய்விலும் குறுக்குக் கோடு பருமனாகக் காட்டவில்லை. நான் கண்ணால் பார்த்த வரையில் உடம்பை வெட்டிக் காட்டுவது மிக அகலமான, நிறம் மாறிய கரைதான். இரண்டு மூன்று அங்குலக் கரை, சேலைக்கு நெருங்கிய நிறத்தில் ஜாக்கெட் இருந்தால் உயரமாகத் தெரிவீர்கள். மஞ்சள் பிடித்தால் மஞ்சள் கட்டுங்கள்.

சுடிதார் விஷயம் சுருக்கமானது. தோள் தையல் தோள் எலும்பின் மேல் உட்கார வேண்டும். அது கீழே வழிந்தால் மற்றது எதுவும் சரியாக இருக்காது. இப்போதுள்ள இரண்டிலும் தோள் சரியாக இருந்தால், மார்புக்குக் கீழிருந்து பக்கங்களைச் சிறிது பிடித்து, கீழே அகலும்படி விடச் சொல்லுங்கள். பக்கவெட்டு இடுப்பில் வாயைத் திறந்தபடி நின்றால் அந்த இடம் பிடிக்கிறது என்று பொருள், அங்கே மட்டும் தளர்த்த வேண்டும்.

திருமணத்துக்குப் பட்டு வேண்டும் என்று எழுதவில்லை. ஆனாலும் கேட்பீர்கள் என்று தெரியும். உங்களிடம் உள்ள பட்டில் எடை குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஆரணிப் பட்டு ஒன்று இருந்தால் அதுதான் என் முதல் தேர்வு. கனமில்லாமல் கொசுவம் அடங்கும், முகூர்த்தம் முடிந்து பந்தி விசாரிக்கும் வரை தோள் வலிக்காது. அதற்குப் பொன்னிற ஜாக்கெட் போதும். சரிகையோ கல்வேலையோ வேண்டாம், அந்தக் கூலியில் நான்கு பழைய ஜாக்கெட்டைப் பிரித்துவிடலாம்.

கூலி கடைக்குக் கடை மாறும். நான் போடும் கணக்கு இது: பிரா இரண்டுக்கு 900, எட்டு ஜாக்கெட் பிரித்துத் தைக்க 800, புது ஜாக்கெட் இரண்டுக்குத் துணியும் கூலியும் 1,200, பாளம் வெட்டிய பாவாடை இரண்டுக்கு 700, சுடிதார் திருத்தவும் பட்டைத் துணிக்கும் 400. பணம் இதைவிடக் குறைவாகத்தான் கையில் இருக்கிறது என்றால் புது ஜாக்கெட்டில் ஒன்றைக் குறையுங்கள். பிராவிலும் பாவாடையிலும் கை வைக்காதீர்கள்.

எட்டையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். முதலில் ஒன்றைப் பிரித்து வாங்கி, ஒரு நாள் முழுக்கப் பள்ளிக்குப் போட்டுப் போய் வாருங்கள், பிறகு மற்றவற்றைக் கொடுக்கலாம். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் தையல் கடைகளில் நிற்க இடமிருக்காது, ஆடி முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். கடையிலேயே போட்டுப் பாருங்கள். கரும்பலகையின் மேல்வரியில் எழுதுவதுபோல் கையைத் தூக்குங்கள். ஜாக்கெட் முழுவதும் மேலே ஏறினால் கையேறும் இடத்தின் வளைவு சரியில்லை. நாற்காலியில் உட்கார்ந்து குனியுங்கள். கொக்கிகளுக்கு நடுவே துணி வாய் பிளந்தால், பக்கத்தை இன்னும் விடுவதற்கு முன் முன்பக்க டாட்டை, அதாவது மார்பின் வடிவுக்காக மடித்துப் பிடித்த தையலைப் பாருங்கள். பழைய அளவுக்குப் பிடித்த டாட் இப்போது மார்புக்கு மேலே நிற்கும். அதைப் பிரித்து ஓரங்குலம் இறக்கிப் பிடிக்கச் சொன்னால் பெரும்பாலும் கொக்கி நேராகிவிடும்.