மானியம் யாருக்கு லாபம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு பேர் இன்சூரன்ஸ் ஏஜென்ட்கள். ஒபாமாகேர் மானியம் முழுக்கக் கம்பெனிகளுக்குத்தான் போகிறது, ஜனங்களுக்கு ஒரு காசு வருவதில்லை என்கிறார் அண்ணன். அந்தப் பணம் மட்டும் இல்லையென்றால் என் கஸ்டமர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க முடியாது என்கிறார் மச்சான். ஒரே தொழில், ஒரே ஊர், எப்போது சந்தித்தாலும் இதே சண்டை. யார் சொல்வது சரி? – டெக்சாஸ் வாசகி

பதில்: பணம் போகிற வழியை மட்டும் பார்த்தால் அண்ணன் சொல்வது சரி. ஒபாமாகேர் என்பது 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட அமெரிக்க மருத்துவ இன்சூரன்ஸ் சட்டம், பிரீமியம் கட்ட அது தருகிற மானியம் 2014 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தில் அதற்கு வரிச் சலுகை என்று பேர், ஆனால் அனேகம் பேர் வருடக் கடைசி வரை காத்திருப்பதில்லை. அரசாங்கம் மாதாமாதம் நேராகக் கம்பெனிக்கே கட்டிவிடும், மீதியை நாம் கட்டுவோம். அதனால் நம் கையில் ஒரு டாலர்கூடப் படாது. அதை வைத்துக்கொண்டு ஜனங்களுக்கு லாபமே இல்லை என்று முடிவு கட்டுவதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

மானியம் எவ்வளவு என்பது எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். பிளான்களில் ப்ரான்ஸ் (bronze), சில்வர், கோல்டு என்று ரகங்கள் உண்டு, சில்வர் நடுத்தரம். உங்கள் ஏரியாவில் கிடைக்கிற சில்வர் பிளான்களை விலைப்படி அடுக்கினால் குறைந்த விலையில் இரண்டாவதாக எது வருகிறதோ அதுதான் அளவுகோல். அந்தப் பிளானுக்கு வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் நீங்கள் கட்ட வேண்டியதில்லை என்று ஒரு வரம்பு உண்டு. 2026-க்கு அது வருமானத்தைப் பொறுத்து 2.10 முதல் 9.96 சதவீதம் வரை. அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். அடுத்த வருடம் அந்த ஏரியாவில் எல்லாக் கம்பெனியும் பிரீமியத்தை ஏற்றினாலும் மானியம் வாங்குகிறவருக்கு அந்தச் சுமை பெரும்பாலும் வந்து சேராது. வேலையில் இன்சூரன்ஸ் கிடையாது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தினம் மாத்திரை, வயது 58, பிழைப்புக்கு டாக்ஸி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இந்த நாட்டில் வேறு எது இருக்கிறது? மச்சான் பேசுவது இவரைப் பார்த்துத்தான்.

சரி, கம்பெனிக்கு லாபமே இல்லையா என்றால், இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விலை ஏறினாலும் விலகாத கஸ்டமர் கிடைப்பது எந்த வியாபாரத்திலும் பெரிய விஷயம். தனிநபர் பிளான்களில் வாங்குகிற பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதம் மருத்துவச் செலவுக்கும் அதன் தரத்தை உயர்த்துவதற்கும் போக வேண்டும், குறைந்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் வரம்பு சதவீதத்தில் இருப்பதால், மொத்தப் பிரீமியம் பெருத்தால் நிர்வாகத்துக்கும் லாபத்துக்கும் மிஞ்சுகிற 20 சதவீதமும் சேர்ந்து பெருக்கும். விலையைக் குறைக்கக் கம்பெனிக்கு இந்த விதி ஒரு தூண்டுதலும் தருவதில்லை, இந்தச் சட்டத்தில் எனக்கு நெடுநாளாக இருக்கிற மனக்குறை அது.

ஏற்றத்தைக் கடைசியில் சுமப்பது யார் என்று 2017-ல் நன்றாகவே தெரிந்தது. குறைந்த வருமானக்காரர்கள் சிகிச்சையின்போது கைக்காசிலிருந்து கட்டுகிற பங்கை (டிடக்டிபிள், கோ-பே) குறைத்ததற்காகக் கம்பெனிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பணத்தை அந்த அக்டோபரில் டிரம்ப் அரசு நிறுத்தியது. கம்பெனிகள் அந்தத் தொகையைப் பெரும்பாலான மாநிலங்களில் சில்வர் பிளான் விலையில் ஏற்றின. சில்வர்தான் அளவுகோல் என்பதால் மானியமும் கூடவே ஏறியது, பல ஊர்களில் மானியக்காரர்களுக்கு ப்ரான்ஸ் பிளான் சும்மாவே கிடைத்தது, கோல்டு பிளான்கூட எட்டுகிற விலைக்கு வந்தது. மானியம் இல்லாமல் சில்வர் வாங்கியவர்தான் முழு ஏற்றத்தையும் கைக்காசிலிருந்து கட்டினார்.

இன்னொருவர் இருக்கிறார், உங்கள் வீட்டுச் சண்டையில் அவர் பேர் அடிபட்டிருக்காது என்று நினைக்கிறேன். ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிக்கெய்டை இன்னும் பல பேருக்கு விரிவாக்குவது மாநிலங்களின் இஷ்டம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, டெக்சாஸ் இன்றுவரை விரிவாக்கவில்லை. மானியமோ வறுமைக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான். தனி ஆளுக்கு 2026 மானியக் கணக்கில் அந்தக் கோடு 15,650 டாலர். பிள்ளைகள் இல்லாத, உடம்பில் ஊனமில்லாத ஒருவர் டெக்சாஸில் வருடம் 14,000 டாலர் சம்பாதித்தால் மெடிக்கெய்டும் இல்லை, மானியமும் இல்லை. 16,000 சம்பாதித்தால் மானியம் உண்டு. ஏழ்மை அதிகமாக இருக்கிற ஒரே காரணத்துக்காக ஒரு மனிதருக்கு உதவி மறுக்கப்படுகிறது. அவர் எந்த ஏஜென்டுக்கும் கஸ்டமர் இல்லை, அதனால் ஏஜென்ட்கள் பேச்சில் வருவதில்லை. அடுத்த தடவை சண்டை ஆரம்பித்தால் இவரைப் பற்றிக் கேளுங்கள், இரண்டு பேரும் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

கேள்வி: எனக்கு 61, மனைவிக்கு 60. சொந்தமாகச் சின்னக் கடை. இந்த வருடம் வருமானம் 84,600 டாலரைத் தாண்டவே கூடாது என்று ஏஜென்ட் பயமுறுத்துகிறார். ஒரு நூறு டாலர் கூடினால் அப்படி என்ன ஆகிவிடும்?

பதில்: அவர் பயமுறுத்தவில்லை, உள்ளதைச் சொல்கிறார். வறுமைக் கோட்டைப் போல 4 மடங்கு வருமானம் வரைதான் மானியம் என்பது பழைய விதி. 2021-ல் கொண்டுவந்து 2022-ல் நீட்டித்த கூடுதல் மானியம் அந்த வரம்பை எடுத்துவிட்டிருந்தது. அது 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. 2026 கணக்கில் இரண்டு பேர் குடும்பத்துக்கு 4 மடங்கு என்பது 84,600. சரியாக அந்தத் தொகையில் நின்றால் அளவுகோல் பிளானுக்கு நீங்கள் கட்டுவது மாதம் சுமார் 700 டாலர். தாண்டினால் முழு விலை, உங்கள் வயதுத் தம்பதிக்குப் பல ஊர்களில் அது மாதம் 2,000 டாலருக்கு மேல் போகும். ஒரு நல்ல தீபாவளி சீசன் வியாபாரம்கூட உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம்.

சட்டப்படியே செய்ய வழி இருக்கிறது. வரிக் கழிவு தருகிற ஐஆர்ஏ (ஓய்வுக்கால சேமிப்பு) கணக்கில் போடுகிற பணம் இந்த வருமானக் கணக்கில் குறையும், அதை அடுத்த ஏப்ரலில் ரிட்டர்ன் தாக்கல் செய்கிற கடைசித் தேதி வரை போடலாம். மருத்துவச் செலவுக்கான எச்எஸ்ஏ சேமிப்பும் அப்படித்தான், 2026 முதல் மார்க்கெட்பிளேஸில் (இந்தப் பிளான்களை வாங்குகிற அரசுச் சந்தை) ப்ரான்ஸ் பிளான் எதை எடுத்தாலும் எச்எஸ்ஏ வைத்துக்கொள்ளலாம். வருமானத்தைக் குறைத்து எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். அதிகமாக வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்டுவதில் பலருக்கு ஓர் உச்சவரம்பு முன்பெல்லாம் இருந்தது. 2026 வரி வருடத்திலிருந்து அது கிடையாது, மொத்தமும் கட்ட வேண்டும். கடைக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து, வருமானம் கூடுவது தெரிந்தால் உடனே மார்க்கெட்பிளேஸில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கிரீன் கார்டில் வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு மானியம் கிடைக்குமா? இரண்டு பேருக்கும் 65 தாண்டிவிட்டது. ஒரு ஏஜென்ட் கிடைக்கும் என்கிறார், இன்னொருவர் முடியவே முடியாது என்கிறார்.

பதில்: இங்கே வேலை பார்த்து வரி கட்டாதவர்களுக்கு மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) சும்மா கிடைக்காது, அதனால் மார்க்கெட்பிளேஸில் பிளான் வாங்கத் தடையில்லை. மானியம்தான் சிக்கல். புதிதாக வந்தவர்களுக்கு வருமானமே இல்லையென்றாலும் முன்பு மானியம் உண்டு, கிடைக்கும் என்கிறவர் அந்தக் காலத்துக் கணக்கைச் சொல்கிறார். 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை 2026-லிருந்து எடுத்துவிட்டது. இப்போது வருமானம் வறுமைக் கோட்டைத் தொட வேண்டும். உங்களோடு சேராமல் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ரிட்டர்ன் போட்டால் 2026 கணக்கில் 21,150 டாலர் வேண்டும், ஊரில் வருகிற பென்ஷனும் வாடகையும் அந்தக் கணக்கில் சேரும். உங்களைச் சார்ந்தவர்கள் என்று உங்கள் ரிட்டர்னில் காட்டினால் உங்கள் குடும்ப வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். எச்1பி விசாவில் இருந்துகொண்டு மானியம் வாங்குகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், 2027 முதல் உங்களுக்கு அது இல்லை.

கேள்வி: ஏஜென்ட் மூலம் வாங்கினால் விலை கூடுமா? அவருக்கு யார் பணம் தருகிறார்கள்?

பதில்: கூடாது, நீங்களே நேராக வாங்கினாலும் அதே விலைதான். கம்பெனி அவருக்குப் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கமிஷன் தருகிறது. மானியத்தால் கஸ்டமர் கூடினால் ஏஜென்டுக்கும் வருமானம் கூடும், அதில் தப்பில்லை. நல்ல ஏஜென்ட் உங்கள் டாக்டர் அந்தப் பிளானின் நெட்வொர்க்கில் இருக்கிறாரா, உங்கள் மாத்திரை அதன் பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வார், அந்த வேலைக்கு அந்தக் கமிஷன் தகும்.

ஆனால் 2024-ல் நடந்ததை மறக்க முடியாது. சொல்லாமல் கொள்ளாமல் தங்களை ஒரு பிளானில் சேர்த்துவிட்டார்கள், இருந்த பிளானை மாற்றிவிட்டார்கள் என்று அந்த ஒரு வருடத்தில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் புகார்கள் போயின, நூற்றுக்கணக்கான ஏஜென்ட்களை அரசாங்கம் நிறுத்திவைத்தது. பிரீமியம் பூஜ்யம் என்றால் பில் வராது, பில் வராததால் பலருக்கு விஷயமே தெரியவில்லை. ஜனவரி கடைசியில், வாங்கிய மானியத்தை வரிக் கணக்குக்காகக் காட்டுகிற 1095-ஏ படிவம் தபாலில் வந்த பிறகுதான் நம் பேரில் இப்படி ஒரு பிளான் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள் உண்டு. உங்கள் மார்க்கெட்பிளேஸ் கணக்கில் நீங்களே ஒரு தடவை நுழைந்து, எந்தப் பிளான், எவ்வளவு வருமானம் போட்டிருக்கிறது, எந்த ஏஜென்ட் பேர் இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத பேர் இருந்தால் அன்றைக்கே மார்க்கெட்பிளேஸைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.