பத்தாவது படித்த அப்பா, கேள்வி கேட்காத மகன்

உங்கள் படிப்பு தடையே இல்லை. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறேன், ஏழாவது படிக்கும் மகன் இப்போதெல்லாம் கேள்வியே கேட்பதில்லை, பத்தாவதோடு நின்ற நான் அவனை விஞ்ஞானியாக வளர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1965இல் இயற்பியல் நோபல் வாங்கிய ரிச்சர்ட் ஃபைன்மனின் அப்பா சீருடை வியாபாரத்தில் இருந்தவர். மகனைக் காட்டுக்குள் கூட்டிப் போவார். பறவையின் பெயரை எத்தனை மொழியில் தெரிந்துகொண்டாலும் போதாது, அது என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்வார்.

உங்கள் மகன் கேள்வி கேட்காததற்கு டியூஷன்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். காலை, மாலை இரண்டு வேளையும் போகிறான் என்கிறீர்கள். பையனுக்கு வேடிக்கை பார்க்க நேரம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போங்கள். மேலே ஒரு காலி தண்ணீர் பாட்டிலை இறுக மூடி அவன் கையில் கொடுங்கள். அடிவாரம் வரும்போது நசுங்கியிருக்கும். மலைமேல் காற்றழுத்தம் குறைவு, கீழே அதிகம், அதனால்தான். ஆனால் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அவனாகக் கேட்கிறானா பாருங்கள், அடுத்த நாள் கேட்டாலும் சரி.

இதனாலேயே விஞ்ஞானி ஆகிவிடுவான் என்று உறுதி கிடையாது. ஃபைன்மனின் தங்கை ஜோனிடம் பெண்களுக்கு அறிவியல் வராது என்று அம்மாவே சொன்னார். அப்படியும் ஜோன் வானியற்பியலாளர் ஆனார். வீட்டில் மகள் இருந்தால் அவளையும் கூட்டிப் போங்கள்.