கிரீன் கார்டில் வந்திருக்கும் அம்மா, உள்ளூர் சீனியர் சென்டரில் தன்னார்வலராகச் சேர முடியுமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. கிரீன் கார்டில் நியூஜெர்சி வந்து ஓராண்டு ஆகிறது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் மாலை வரை தனியாகத்தான் இருக்கிறார். ஆங்கிலம் ஓரளவு புரியும், பேசத் தயங்குவார். ஊரில் இருக்கும் சீனியர் சென்டரில் தன்னார்வலராகச் சேர்த்துவிட முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முடியும். வெறும் உறுப்பினராகச் சேர்வதைவிடத் தன்னார்வலராகச் சேர்வதுதான் உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு நல்லது. உறுப்பினராக மட்டும் போகிறவர் முதல் நாள் ஓர் ஓரமாக உட்கார்ந்து, யாராவது வந்து பேசுவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் "எனக்குச் சரிப்படாது" என்று நின்றுவிடுவார். கையில் கரண்டியும் எதிரே நாற்பது பேர் வரிசையும் இருந்தால் அந்தத் தயக்கத்துக்கு நேரமே இருக்காது. "கேரட்டா, பீன்ஸா?" என்று கேட்க இலக்கணம் வேண்டாம். ஒரு மாதத்தில் அந்த நாற்பது பேருக்கும் அவர் முகம் பழகிவிடும்.

முதலில் இடத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். நியூஜெர்சியில் நம்மவர்கள் "சீனியர் சென்டர்" என்று சொல்வது பல நேரம் அடல்ட் மெடிக்கல் டே கேரை. வீட்டு வாசலுக்கு வேன் வரும், இந்தியச் சாப்பாடு கிடைக்கும், செவிலியர் இருப்பார். ஆனால் அது உரிமம் பெற்ற மருத்துவப் பராமரிப்பு நிலையம். பெரும்பாலும் மெடிக்கெய்டில், அதாவது குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் நடப்பது, உடல்நிலையை மதிப்பிட்டுத்தான் சேர்ப்பார்கள். நீங்கள் தேடுவது டவுன்ஷிப்போ கவுண்டியோ லாப நோக்கற்ற அமைப்போ நடத்தும் பொது சென்டர். இந்த நாட்டின் முதல் சீனியர் சென்டர் என்று குறிப்பிடப்படுவது 1943-இல் நியூயார்க் நகர நலத்துறை பிராங்க்ஸில் திறந்த ஹாட்சன் சென்டர். நோய்க்கு மருந்து கொடுக்க அல்ல, முதியவர்கள் நாலு பேரோடு பழக ஓர் இடம் வேண்டும் என்றே அது தொடங்கியது. இன்றைய பொது சென்டர்களும் அந்த வழியில் வந்தவைதான்.

நியூஜெர்சியின் 21 கவுண்டிகளிலும் முதியோர் சேவைக்கென ஓர் அலுவலகம் உண்டு. உங்கள் கவுண்டியின் பெயரோடு "ஆபீஸ் ஆன் ஏஜிங்" என்று தேடினால் கிடைக்கும். அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எங்கள் முகவரிக்கு உரிய சென்டர் எது, மதிய உணவு பரிமாறும் இடங்கள் எவை? இரண்டும் ஒரே கட்டடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. டவுன்ஷிப் நடத்தும் பல சென்டர்கள் அந்த ஊரில் வசிப்பவர்களை மட்டுமே சேர்க்கும், வயது வரம்பும் 55, 60 என்று ஊருக்கு ஊர் மாறும். இங்கேதான் முதல் முட்டுக்கட்டை வரும். மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கும், அம்மாவின் பெயரில் முகவரிச் சான்று எதுவுமே இருக்காது. மோட்டார் வாகன ஆணையத்தில் ஓட்டுநர் அல்லாதவர்களுக்கான அடையாள அட்டையை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் அவர் பெயரையும் சேர்த்து, வீட்டுக்கு ஸ்டேட்மென்ட் வரும்படி செய்தாலும் உதவும்.

பிறகு நேரில் போங்கள். காலை பத்து மணிக்கு முன்போ, மதியம் இரண்டு மணிக்குப் பிறகோ போவது நல்லது. பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை சாப்பாட்டு நேரம், அப்போது யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. "என்ன வேலை இருந்தாலும் சரி" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்கிறவரின் விண்ணப்பம் அடுக்கிலேயே கிடக்கும். "செவ்வாய்க்கிழமை காலை பத்திலிருந்து ஒன்றரை வரை, சாப்பாடு பரிமாற ஆள் வேண்டுமா?" என்று நாளும் நேரமும் வேலையும் சொல்லிக் கேளுங்கள். தன்னார்வலர்களைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு நிரப்ப வேண்டிய கட்டங்கள்தான் கவலை. ஒரு கட்டத்தை நீங்களே நிரப்பிக் கொடுத்தால் காரியம் நடக்கும்.

விண்ணப்பத்தில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஒன்று, பெயர். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து விசாவில் "எஃப்.என்.யூ" (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்தவர்கள், இன்ஷியலை விரித்து எழுதியவர்கள், கணவர் பெயரைக் கடைசிப் பெயராக்கியவர்கள் எல்லோரும் கிரீன் கார்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும். பின்னணிச் சோதனை அந்தப் பெயரில்தான் நடக்கும். கூப்பிடும் பெயருக்கென்று தனிக் கட்டம் இருந்தால் அங்கே வழக்கமான பெயரைப் போடுங்கள். இரண்டு, பரிந்துரை. குடும்பத்தார் அல்லாத இரண்டு பேரின் பெயர் கேட்பார்கள். வந்து ஓராண்டுதான் ஆனது என்றால் பக்கத்து வீட்டுக்காரர், கோயில் நிர்வாகத்தில் தெரிந்தவர், நூலகத்தில் ஆங்கில வகுப்பு எடுப்பவர் யாராக இருந்தாலும் போதும். அவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள், தெரியாத எண் என்று அழைப்பை எடுக்காமல் விட்டால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். மூன்று, காசநோய்ச் சோதனை. எல்லா இடத்திலும் கேட்பதில்லை. கேட்கும் இடத்தில், சிறுவயதில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்களுக்குக் கையில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலேயே வீங்கிக் காட்டக்கூடும், அதைத் தொடர்ந்து எக்ஸ்ரே, அலைச்சல். ரத்தப் பரிசோதனையாக எடுத்துக்கொள்கிறோம் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, மதிய உணவுப் பரிமாற்றத்தை முதலில் முயலுங்கள். 1965-இல் வந்த ஓல்டர் அமெரிக்கன்ஸ் ஆக்ட் சட்டத்தின் நிதியில் நடக்கும் உணவுத் திட்டம் இது. 60 வயதானவரும் அவருடைய வாழ்க்கைத் துணையும் சாப்பிடலாம், துணைக்கு வயது வரம்பு இல்லை. விலை கிடையாது. இவ்வளவு தரலாம் என்று ஒரு தொகையைப் பரிந்துரைப்பார்கள், மூடிய பெட்டியில் முடிந்ததைப் போடலாம். போடாதவருக்குச் சாப்பாடு இல்லை என்று சொல்லக் கூடாது, வருமானத்தையும் சோதிக்கக் கூடாது. ஆகவே பரிமாற நிற்கும் அம்மா, "அவர் காசு போட்டாரா?" என்று கண்ணால்கூடப் பார்க்க வேண்டியதில்லை. இதை அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

பல சென்டர்களில் சமையல் கிடையாது. வேறொரு சமையற்கூடத்திலிருந்து சூடு காக்கும் பெட்டிகளில் உணவு வரும். வந்ததும் வெப்பமானியைக் குத்திப் பார்த்து எழுதிவைப்பார்கள்: சூடானது 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது, குளிர்ந்தது 41-ஐத் தாண்டக் கூடாது. பால், சாலட் எல்லாவற்றையும் சீக்கிரமே எடுத்து மேசையில் அடுக்கிவிடலாம் என்று அம்மாவுக்குத் தோன்றும், அது வேண்டாம். சொல்லும்வரை குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும்.

அளவுதான் நம் அம்மாக்களுக்குக் கஷ்டம். பரிமாறும் ஸ்கூப்பில் ஓர் எண் பொறித்திருக்கும். ஒரு குவார்ட், அதாவது நான்கு கப் அளவை எத்தனை முறையில் அள்ளி முடிக்கலாம் என்பதே அந்த எண். 8 என்றால் அரை கப், 16 என்றால் கால் கப். ஸ்கூப்பின் விளிம்போடு தட்டிச் சமன் செய்து வைக்க வேண்டும். பிசைந்த உருளைக்கிழங்கை ஒவ்வொருவருக்கும் கால் பங்கு கூடுதலாகக் குவித்தால் நாற்பது பேருக்கு வந்தது முப்பத்திரண்டாவது தட்டோடு தீர்ந்துவிடும். கடைசி எட்டுப் பேரில் பலர் வாக்கரோடு மெதுவாக வருகிறவர்கள். இலையில் குறைவாக வைப்பது நமக்குப் பழக்கமில்லைதான், ஆனாலும் இங்கே அளவாக வைப்பதுதான் கடைசி ஆளுக்கும் சோறு போடுவது. ஒருவர் வேண்டாம் என்றால் ஒரே முறையில் விட்டுவிட வேண்டும். "கொஞ்சம் வச்சுக்கோங்க" என்ற உபசாரம் இங்கே வற்புறுத்தலாகத்தான் படும்.

வளையல்களை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். உணவைக் கையாள்பவர் கையில் கல் வைக்காத சாதாரண மோதிரம் தவிர வேறு நகை கூடாது என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. வந்த அன்று எல்லோர் முன்னாலும் கழற்றச் சொன்னால் மனம் சங்கடப்படும். தாலிச் சங்கிலி உடைக்குள் இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. முன்பக்கம் மூடிய, வழுக்காத ஷூ வேண்டும். துப்பட்டாவோ முந்தானையோ உணவைச் சூடாக வைக்கும் நீராவி மேசைப் பக்கம் தொங்கக் கூடாது. கையுறை போடும் முன் கை கழுவ வேண்டும், போனையோ முகத்தையோ தொட்டால் அந்தக் கையுறை குப்பைக்கு.

அம்மா சைவம் என்றால் இதை முதல் நாளே பேசிவிடுங்கள். வரிசையில் மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ இருக்கும் நாட்கள் உண்டு. பால், ரொட்டி, பழம், காபி மேசையைத் தாருங்கள் என்று கேட்டால் பொதுவாகத் தருவார்கள். சொல்லாமல் போய், அங்கே முகம் சுளிப்பதுதான் தப்பு, எதிரே நிற்பவரின் சாப்பாடு அது. அவருக்கான சைவ உணவு வேண்டுமானால் அந்தச் சென்டர் சொல்லும் கெடுவுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோகலாமா என்று கேளுங்கள். கொண்டுபோனாலும் அவர் சாப்பிட மட்டும்தான். முறுக்கோ கேசரியோ செய்துபோய் வரிசையில் வைத்துப் பரிமாறக் கூடாது.

சமையலறை வேண்டாம் என்றால் பின்னல் குழு நல்ல மாற்று. குரோஷே ஊசி பிடிக்கத் தெரிந்தவர் மொழி இல்லாமலே இரண்டு மணி நேரம் உட்காரலாம். வரவேற்பு மேசை, தொலைபேசி வேலைகளை முதல் ஆறு மாதம் தவிர்த்துவிடுங்கள்.

போக்குவரத்தில் ஒரு சிக்கல் உண்டு. சென்டருக்குக் கொண்டுவிடும் டவுன்ஷிப் பேருந்து சாப்பிட வருகிறவர்களின் நேரத்துக்கு ஓடுவது. பரிமாறுகிறவர் அவர்களுக்கு முன்பே வந்து, மேசை துடைத்த பிறகே கிளம்ப வேண்டும். பேருந்து பத்தரைக்கு வந்து ஒரு மணிக்குக் கிளம்பினால் உங்கள் கணக்கு உதைக்கும். ஷிஃப்டை ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தப் பேருந்துகளுக்கு முன்பதிவும் வேண்டும்.

பேச்சுக்கு நான்கு வாக்கியம் போதும்: "வுட் யூ லைக் சம்?", "ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்", "லெட் மீ ஆஸ்க்", "ஸீ யூ டியூஸ்டே". பெயர்ப் பட்டையில் பெரிய எழுத்தில், அவரே தேர்ந்தெடுத்த சுருக்கப் பெயர் இருக்கட்டும். விஜயலட்சுமி "விஜி" ஆவதை அவர் தீர்மானிக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே வேறு யாராவது தீர்மானித்துவிடுவார்கள். காது மந்தமானவர்களிடம் கத்த வேண்டாம். நேரே முகம் பார்த்து, நிதானமாக, வாயசைவு தெரியப் பேசினால் போதும். பிள்ளைகள் எங்கே, ஏன் தனியாக இருக்கிறீர்கள், என்ன நோய் என்ற மூன்று கேள்விகளையும் அவர்களாகச் சொல்லும்வரை கேட்கக் கூடாது. இங்கே தனியாக வாழ்வது பலருக்குப் பெருமை, அதைப் பரிதாபமாகப் பார்த்தால் அடுத்த வாரம் அந்த மேசையில் இடம் இருக்காது. நாற்காலியும் அப்படித்தான். பத்து வருடமாக ஒரே இடத்தில் உட்காருகிறவர்கள் இருப்பார்கள், கேட்டுவிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

தமிழ் அம்மாக்கள் நாலு பேர் அங்கே இருந்தால் அது பெரிய ஆறுதல். ஆனால் வேலை செய்யும் நாளில் அந்த மேசை வேண்டாம், இன்னொரு நாள் யோகாவுக்கோ பிங்கோவுக்கோ அவர்களோடு போகட்டும். வந்த முதல் மாதமே தமிழ் மேசையில் அமர்ந்துவிட்டால் மற்றவர்கள் "அவர்களுக்கு ஆள் இருக்கிறது" என்று விலகிவிடுவார்கள்.

முதல் நாள் நீங்கள் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காதீர்கள். நீங்கள் இருக்கும்வரை எல்லோரும் உங்களிடம்தான் பேசுவார்கள். வாரம் ஒரு நாளில் தொடங்குங்கள். மூன்று நாள் என்று ஆரம்பித்துக் கால்வலி வந்து நின்றவர்கள் திரும்பி வருவது குறைவு. ஒவ்வொரு முறையும் வருகைப் பதிவில் நேரத்தைக் குறிக்க வேண்டும். அங்கே ஏதாவது விபத்து நடந்தால் அவர் பணியில் இருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. யாராவது கீழே விழுந்தால் தூக்கக் கூடாது, ஊழியரைக் கூப்பிட வேண்டும். மருந்து எடுத்துக் கொடுப்பது, பணம் கொடுக்கல் வாங்கல் இரண்டும் அறவே கூடாது.

விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்காக இதைப் படிப்பவர்கள், தன்னார்வப் பொறுப்பு எதையும் ஏற்பதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். விருந்தினராக வகுப்புக்குப் போகலாமா என்பதை அந்தந்தச் சென்டர் சொல்லும்.

இந்தியப் பயணத்தையும் மறந்துவிடாதீர்கள். டிசம்பரில் கிளம்பி மார்ச்சில் திரும்புவது நமக்குச் சாதாரணம். சொல்லாமல் போனால் ஒருங்கிணைப்பாளர் மூன்று செவ்வாய் காத்திருந்துவிட்டுப் பெயரை அடித்துவிடுவார். டிக்கெட் போட்ட வாரமே போகும் தேதி, திரும்பும் தேதி இரண்டையும் எழுதிக் கொடுத்து விடுப்பாகக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த மூன்று மாதத்துக்கு வேறு ஆள் பார்க்க அவர்களுக்கும் அவகாசம் இருக்கும், செவ்வாய்க்கிழமை இடமும் அம்மாவுக்காகக் காத்திருக்கும்.